ஓஎஸ்பிஎஃப் ஒரு விநாடியில் மாறிவிட்டது, டிராஃபிக் ஏன் ஒன்றரை நிமிடம் நிற்கிறது?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் ஒரு கோர் ரூட்டர். கோவையிலும் ஈரோட்டிலும் ஆளுக்கொரு பார்டர் ரூட்டர், இரண்டு ஊரிலும் தனித்தனி அப்ஸ்ட்ரீம், அதாவது உங்களுக்கு இன்டர்நெட் தரும் பெரிய நிறுவனம். மூன்று பெட்டியிலும் முழு பிஜிபி டேபிள், அதாவது நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று பிஜிபி (BGP) என்ற புரோட்டோகாலில் சொல்லும் உலக வழிகள் அத்தனையும். திருப்பூருக்கும் கோவைக்கும் நடுவே அவினாசி வழியாக ஒரு ஃபைபர், பல்லடம், சூலூர் வழியாக இன்னொன்று. அவினாசிப் பக்கம் ஜேசிபி ஃபைபரை அறுக்கும்போதெல்லாம் ஓஎஸ்பிஎஃப் (OSPF, உங்கள் நெட்வொர்க்குக்குள் வழி கண்டுபிடிக்கும் புரோட்டோகால்) ஒரு விநாடிக்குள் பல்லடம் வழிக்கு மாறிவிடுகிறது. ரூட் டேபிளைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் பனியன் கம்பெனிகளிலிருந்து 'நெட் வரலைங்க' என்று போன் வருவது ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் ஓய்கிறது. பெட்டி விற்பவர் 'ஹைரார்க்கிக்கல் ஃபிப் இருக்கிற மாடல் வாங்குங்க, தீர்ந்துரும்' என்கிறார். அது என்ன, வாங்கினால் தீருமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. ரூட் டேபிள் சரியான பிறகும் பாக்கெட் ஏன் பழைய வழியிலேயே போய் விழுகிறது என்பது ஒன்று. ஹைரார்க்கிக்கல், அதாவது அடுக்கு முறை அந்தத் தாமதத்தில் எந்தப் பகுதியைக் குறைக்கும், எதைத் தொடவே தொடாது என்பது மற்றொன்று. இரண்டாவதைத் தெரிந்துகொள்ளாமல் பணம் போட வேண்டாம்.

நீங்கள் பார்த்த ரூட் டேபிள், அதாவது ரிப், பெட்டியின் சிபியூவில் இருப்பது. பாக்கெட்டை அனுப்புவது அதுவல்ல. லைன் கார்டு அல்லது ஃபார்வேர்டிங் சிப்பின் நினைவகத்தில் அதிலிருந்து எடுத்து எழுதப்பட்ட இன்னொரு டேபிள் இருக்கிறது, அதுதான் ஃபிப். உங்கள் பிரச்சினை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வாய்ப்பு அதிகம். ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். 203.0.113.0/24 என்ற ப்ரீஃபிக்ஸை, அதாவது முகவரித் தொகுதியை, கோவை ரூட்டர் பிஜிபியில் திருப்பூருக்குச் சொல்கிறது. நெக்ஸ்ட் ஹாப், அதாவது பாக்கெட்டை அடுத்து ஒப்படைக்க வேண்டிய முகவரி, 10.255.0.1. அது கோவை ரூட்டரின் லூப்பேக், எந்தப் போர்ட்டையும் சாராத அதன் சொந்த முகவரி. அந்த முகவரி திருப்பூர் ரூட்டரின் எந்த போர்ட்டிலும் நேரடியாக இல்லை. ஆகவே ரூட்டர் மறுபடியும் தேட வேண்டும்: 10.255.0.1 எங்கே இருக்கிறது? ஓஎஸ்பிஎஃப் சொல்கிறது, முதல் போர்ட்டில் 10.1.1.2 வழியாக. அதோடும் முடியவில்லை. 10.1.1.2-இன் மேக் முகவரி (அந்தப் போர்ட்டின் வன்பொருள் முகவரி) என்ன என்று ஏஆர்பி என்ற புரோட்டோகால் சொல்ல வேண்டும். ஆக ஒரு பிஜிபி ரூட் உண்மையான கம்பி வரை வந்து சேர மூன்று படி இறங்க வேண்டியிருக்கிறது.

தட்டையான ஃபிப் இந்த மூன்று படியையும் சிபியூவிலேயே இறங்கி முடித்துவிட்டு, கடைசி விடையை மட்டும் ஒவ்வொரு ப்ரீஃபிக்ஸிலும் எழுதி வைக்கும்: இந்த ப்ரீஃபிக்ஸ் என்றால் முதல் போர்ட், இந்த மேக். பாக்கெட் வந்தால் ஒரே பார்வையில் விடை கிடைக்கும், அது இதன் நல்ல குணம். கெட்ட குணம் ஃபைபர் அறும்போது தெரியும். இன்றைய ஐபிவி4 முழு டேபிள் ஏறக்குறைய பத்து லட்சம் ப்ரீஃபிக்ஸ். அதில் பெரும்பகுதி கோவை வழியாகப் போகிறது என்றால், 'முதல் போர்ட், இந்த மேக்' என்ற அதே விடை லட்சக்கணக்கான இடங்களில் நகல் எடுத்து எழுதப்பட்டிருக்கிறது. அத்தனையையும் ஒவ்வொன்றாக 'இரண்டாவது போர்ட், அந்த மேக்' என்று திருத்த வேண்டும். ஒரு பதிவைத் திருத்த 100 மைக்ரோ விநாடி ஆகும் என்று வைத்துக் கணக்குப் போட்டால், பத்து லட்சத்துக்கு 100 விநாடி. உங்கள் ஒன்றரை நிமிடம் இந்தக் கணக்கோடு நன்றாகவே ஒத்துப்போகிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: இந்த நிகழ்வில் பிஜிபியில் எதுவுமே மாறவில்லை. நெக்ஸ்ட் ஹாப் அறுபடுவதற்கு முன்னும் 10.255.0.1, பின்னும் 10.255.0.1. அந்த லூப்பேக்குக்குப் போகும் வழி மட்டும்தான் மாறியது. ஒரே ஒரு செய்தி மாறியதற்கு லட்சக்கணக்கான பதிவைத் திருத்துகிறோம்.

இதைத்தான் அடுக்கு முறை சரிசெய்கிறது. திருப்பூர் ஆள் என்பதால் இப்படிச் சொன்னால் உடனே பிடிபடும்: தூத்துக்குடி போகிற ஒவ்வொரு அட்டைப் பெட்டி மேலும் லாரி நம்பரை எழுதினால், லாரி பழுதாகும்போது எல்லாப் பெட்டியிலும் அழித்து எழுத வேண்டும். பெட்டி மேல் 'மூன்றாவது மேடை' என்று மட்டும் எழுதி, மேடையில் ஒரு பலகை மாட்டி அதில் லாரி நம்பரை எழுதினால், பலகையை மாற்றினால் போதும். ஃபிப்பில் அந்தப் பலகைக்குப் பெயர் பாத் லிஸ்ட். மேலடுக்கில் ப்ரீஃபிக்ஸ் இருக்கும். அதில் விடை இருக்காது, ஒரு பாயிண்டர் மட்டும் இருக்கும். அந்தப் பாயிண்டர் பிஜிபி பாத் லிஸ்ட்டைக் காட்டும், அதில் 'கோவை லூப்பேக்' என்று இருக்கும். அங்கிருந்து இன்னொரு பாயிண்டர் ஓஎஸ்பிஎஃப் தந்த பாத் லிஸ்ட்டுக்கு, அதில் 'முதல் போர்ட், 10.1.1.2' என்று இருக்கும். அதன் கீழே அட்ஜசன்சி: பாக்கெட்டின் தலையில் எழுத வேண்டிய சேருமிட மேக், மூல மேக், ஈதர் டைப் ஆகிய 14 பைட்டு, விலேன் டேக் இருந்தால் 18 பைட்டு.

உங்கள் நெட்வொர்க்கில் இந்தப் பாத் லிஸ்ட்கள் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கோவை மட்டும், ஈரோடு மட்டும், கோவை முதன்மை ஈரோடு மாற்று, ஈரோடு முதன்மை கோவை மாற்று. நான்கே நான்கு. பத்து லட்சம் ப்ரீஃபிக்ஸும் இந்த நான்கில் ஏதாவது ஒன்றைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். ஒரே நெக்ஸ்ட் ஹாப் கூட்டம் கொண்ட ப்ரீஃபிக்ஸ்கள் ஒரே பாத் லிஸ்ட்டைப் பகிர்கின்றன என்பதுதான் இந்த அமைப்பின் உயிர். இப்போது அவினாசி ஃபைபர் அறுகிறது. போர்ட் விழுந்தது என்ற செய்தி லைன் கார்டுக்கு வருகிறது. கோவை லூப்பேக்கின் ஓஎஸ்பிஎஃப் பாத் லிஸ்ட்டில் முதல் போர்ட்டை எடுத்துவிட்டு இரண்டாவது போர்ட்டை வைக்கிறார்கள். ஒரே இடத்தில் ஓர் எழுத்து. மேலே இருக்கும் பத்து லட்சம் பதிவையும் யாரும் தொடவில்லை, ஆனால் அடுத்த பாக்கெட் முதல் எல்லாமே பல்லடம் வழியாகப் போகும். ப்ரீஃபிக்ஸ் ஆயிரம் இருந்தாலும் பத்து லட்சம் இருந்தாலும் மாறும் நேரம் ஒன்றே. இந்தக் குணத்தைத்தான் பிஜிபி பிக் என்கிறார்கள், ப்ரீஃபிக்ஸ் எண்ணிக்கையைச் சாராத கன்வர்ஜென்ஸ், அதாவது புது வழிக்கு மாறி நிலைப்பது. லூப்-ஃப்ரீ ஆல்டர்நேட் (ஆர்எஃப்சி 5286, 2008) இயக்கி வைத்திருந்து, உங்கள் ஓஎஸ்பிஎஃப் காஸ்ட் (ஒவ்வொரு லிங்க்குக்கும் தரும் மதிப்பு) அமைப்பில் பல்லடம் வழி சுழல் இல்லாத மாற்றாகத் தேறினால், அந்த இரண்டாவது போர்ட் முன்கூட்டியே பாத் லிஸ்ட்டுக்குள் மாற்றாக உட்கார்ந்திருக்கும். ஓஎஸ்பிஎஃப் கணக்குப் போட்டு முடிப்பதற்காகக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

எழுதும் வரிசையிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது கீழிருந்து மேலே வர வேண்டும்: அட்ஜசன்சி முதலில், பிறகு பாத் லிஸ்ட், கடைசியில் ப்ரீஃபிக்ஸ். நீக்கும்போது மேலிருந்து கீழே. இந்த வரிசை மென்பொருள் பிழையால் தவறினால் ப்ரீஃபிக்ஸ் இன்னும் எழுதப்படாத ஒரு பாத் லிஸ்ட்டைக் காட்டும். ரிப்பில் ரூட் இருக்கும், ஃபிப்பிலும் இருக்கும், பாக்கெட் மட்டும் காணாமல் போகும். சிபியூவில் இருக்கும் ஃபிப்பையும் ஹார்டுவேரில் இருக்கும் ஃபிப்பையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகியிருந்தால்தான் இதைப் பிடிக்க முடியும்.

இவ்வளவு நல்ல முறையை எல்லாப் பெட்டியிலும் ஏன் வைக்கவில்லை என்றால், இதற்கு விலை உண்டு. ஒவ்வொரு பாயிண்டரும் ஒரு கூடுதல் நினைவக வாசிப்பு. 10 ஜிகாபிட் போர்ட்டில் 64 பைட்டு பாக்கெட்டுகள் தொடர்ந்து வந்தால் விநாடிக்கு 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம், அதாவது ஒரு பாக்கெட்டுக்கு 67.2 நானோ விநாடி. 100 ஜிகாபிட்டில் அது 6.7 நானோ விநாடிக்குச் சுருங்கிவிடும். பைப்லைன் இருப்பதால் வேலை ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கும். ஆனாலும் நினைவகத்தின் வாசிப்புத் திறன் அடுக்குக்கு ஏற்பக் கூட வேண்டும். அதனால் பல சிப்கள் இத்தனை அடுக்குதான் என்று ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. மென்பொருள் மூன்றடுக்குக் கொடுத்து, சிப் இரண்டடுக்குத்தான் தாங்கும் என்றால், ஏதோ இரண்டு அடுக்கை ஒன்றாக அமுக்கித் தட்டையாக்குவார்கள். மேலடுக்கில் நான்கு சம வழி, கீழடுக்கில் நான்கு சம வழி என்றால் அமுக்கிய பிறகு 16 உறுப்பினர் கொண்ட ஒரு கூட்டம் ஆகிவிடும். சிப்பில் ஈசிஎம்பி (சம காஸ்ட் கொண்ட பல வழிகள்) கூட்டங்களுக்கான இடம் அளவானது, அது இப்படித்தான் சீக்கிரம் நிரம்புகிறது. எந்த இரண்டு அடுக்கை அமுக்குகிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். ப்ரீஃபிக்ஸோடு சேர்த்து அமுக்கினால் பழைய கதைதான். பாத் லிஸ்ட்கள் இரண்டை ஒன்றாக்கினால் பகிர்வு கெடாது.

அடுக்குகளில் இன்னொரு சிக்கல், ஹாஷ். ஒவ்வொரு அடுக்கிலும் எந்த வழி என்பதை மூல முகவரி, சேருமிட முகவரி, போர்ட் எண்கள், புரோட்டோகால் ஆகியவற்றின் ஹாஷ் (அவற்றிலிருந்து கணக்கிட்ட ஓர் எண்) முடிவு செய்கிறது. இரண்டு அடுக்கிலும் ஒரே ஹாஷ், ஒரே பிட்கள் என்றால், மேலே இரட்டைப்படையாக வந்தவை கீழேயும் இரட்டைப்படையாகவே விழும். கீழே இரண்டு லிங்க் இருந்தும் ஒன்று நிரம்பி வழிய, மற்றது சும்மா கிடக்கும். கோவைக்கு இரண்டு வழியையும் சம காஸ்ட்டாக வைக்கும் எண்ணம் இருந்தால் இதைக் கவனியுங்கள்.

இனி, சந்தையில் மிக அதிகமாகக் குழம்பும் இடம். ரிப்பில் நெக்ஸ்ட் ஹாப்பை மறுபடி தேடித் தீர்ப்பது வேறு, ஃபிப்பில் அடுக்கு இருப்பது வேறு. முதலாவது இல்லாத பிஜிபி ரூட்டரே கிடையாது. 'எங்க பெட்டி ரிகர்சிவ் நெக்ஸ்ட் ஹாப் செய்யும்' என்று விற்பவர் சொன்னால் அவர் இரண்டாவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நம் பக்கத்து கேபிள், பிராட்பேண்ட் ஆபரேட்டர்கள் நிறையப் பேர் வைத்திருக்கும் மைக்ரோடிக்கில் ஸ்கோப், டார்கெட் ஸ்கோப் என்ற இரண்டு எண் இருக்கிறதே, அவை ரிப்பில் எந்த ரூட் எந்த ரூட்டின் மேல் சாய்ந்து தீரலாம் என்பதற்கான விதி மட்டுமே. லினக்ஸில் 2019-இல் வந்த 5.3 கர்னல் முதல் நெக்ஸ்ட் ஹாப்பைத் தனிப் பொருளாக எண் கொடுத்து வைத்து, பல ரூட்களை அந்த எண்ணைக் காட்டச் செய்யலாம். பகிர்வு என்ற பாதிக் கிணறு அதோடு தாண்டியாயிற்று. ஆனால் பிஜிபி நெக்ஸ்ட் ஹாப்பிலிருந்து ஓஎஸ்பிஎஃப் நெக்ஸ்ட் ஹாப்புக்கு இறங்கும் வேலையைக் கர்னல் செய்யாது. எஃப்ஆர்ஆர் (FRRouting) போன்ற மேல் ரூட்டிங் மென்பொருள் தீர்த்து முடித்த விடைதான் கீழே போகிறது. ஜூனிப்பரில் இதற்கு இன்டைரக்ட் நெக்ஸ்ட் ஹாப் என்று பெயர். ஃபார்வேர்டிங் டேபிளைக் காட்டும் கட்டளையில் வகை என்ற பத்தியில் ஐ-என்-டி-ஆர் என்ற சுருக்கம் தெரிந்தால் அடுக்கு இருக்கிறது. யூ-எல்-எஸ்-டி என்று வந்தால் பல வழிகள் கொண்ட பட்டியல். சில பழைய மாடல்களில் இதைத் தனியாக இயக்க வேண்டும், எம்எக்ஸ் வரிசையின் புதிய கார்டுகளில் தானாகவே இருக்கும். சிஸ்கோவில் ஒரு ப்ரீஃபிக்ஸின் செஃப் (சிஸ்கோவின் ஃபிப்) பதிவை 'இன்டர்னல்' சேர்த்துக் காட்டச் சொன்னால் பாத் லிஸ்ட்டும் அதன் கீழ் தொடரும் சங்கிலியும் வரும். மாற்று வழியை ஃபிப்பில் இறக்க ஐஓஎஸ்ஸில் பிஜிபி அடிஷனல் பாத்ஸ் இன்ஸ்டால் என்ற கட்டளை வேண்டும்.

இதுவரை சொன்னது உறுதி. உங்கள் நெட்வொர்க்கில் நடப்பது இதுதானா என்பது, மாடலும் லாகும் நீங்கள் தராததால், ஊகம். ஆனால் சோதித்துப் பார்க்கச் சுலபமான வழி இருக்கிறது. திருப்பூரிலிருந்து வெவ்வேறு முகவரி வரம்புகளில் இருக்கும் இருபது, முப்பது ஐபிகளுக்குத் தொடர்ச்சியாகப் பிங் ஓட விடுங்கள். நள்ளிரவில் அவினாசி லிங்க்கின் பேட்ச் கார்டைக் கையால் பிடுங்குங்கள். போர்ட்டைக் கட்டளையால் ஷட் செய்ய வேண்டாம், அறுந்த ஃபைபரின் நடத்தை அதில் வராது. பிங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக, சில ஐந்து விநாடியில், சில நாற்பது விநாடியில், சில தொண்ணூறில் உயிர் பெற்றால், ஃபிப் ஒவ்வொரு பதிவாகத் திருத்தப்படுகிறது, தட்டை ஃபிப் என்று கிட்டத்தட்ட முடிவே செய்யலாம். எல்லாப் பிங்கும் ஒரே நொடியில் ஒன்றாக எழுந்தால் காரணம் வேறு. ஏதோ ஒரு டைமர் முடியும் வரை யாரும் லிங்க் போனதையே உணரவில்லை என்று பொருள். அப்படியென்றால் அடுக்கு ஃபிப் வாங்கி ஒரு பிரயோசனமும் இல்லை.

டைமர் பக்கம் சந்தேகம் வர நம் ஊர்ப் பக்கம் நல்ல காரணம் இருக்கிறது. கம்பத்துக் கம்பமாகத் தொங்கி வரும் ஃபைபர் நேராக ரூட்டரின் எஸ்எஃப்பியில் (ஃபைபர் செருகும் மாட்யூலில்) ஏறாமல், நடுவில் ஒரு மீடியா கன்வர்ட்டர் அல்லது சுவிட்ச் வழியாக வருவது சகஜம். ஃபைபர் அறுந்தாலும் கன்வர்ட்டருக்கும் ரூட்டருக்கும் நடுவிலுள்ள ஒரு மீட்டர் கேபிளில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ரூட்டருக்குப் போர்ட் விழவே இல்லை. அப்போது எதிர்ப் பக்கத்தின் மௌனத்தை வைத்துத்தான் லிங்க் போனது தெரியும்: ஓஎஸ்பிஎஃப்பின் இயல்பான டெட் டைமர் 40 விநாடி. பிஜிபி ஹோல்ட் டைமர் சிஸ்கோவில் 180, ஜூனிப்பரில் 90. இந்த 90-ஐயும் உங்கள் ஒன்றரை நிமிடத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஓஎஸ்பிஎஃப் ஒரு விநாடியில் மாறுகிறது என்று எழுதியிருப்பதால் கோவை லிங்க்கில் இது இருக்காது என்று நினைக்கிறேன், ஆனால் அப்ஸ்ட்ரீம் லிங்க்குகளில் இருக்கக்கூடும். மருந்து பிஎஃப்டி (BFD), லிங்க் உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி தட்டிப் பார்க்கும் புரோட்டோகால்: 300 மில்லி விநாடிக்கு ஒரு பாக்கெட், மூன்று தவறினால் லிங்க் போயிற்று என்று வைத்தால் 0.9 விநாடியில் தெரிந்துவிடும். சொந்த ஃபைபரில் இன்னும் குறைக்கலாம். வாடகை லேயர்-2 லைனில் 50 மில்லி விநாடி என்று வைத்தால் நடுவிலுள்ள சுவிட்ச்சின் சிறு தடுமாற்றத்துக்கெல்லாம் லிங்க் விழுந்து விழுந்து எழும், வாடிக்கையாளருக்கு அது அறுந்த ஃபைபரைவிட மோசம். கன்வர்ட்டரில் லிங்க் ஃபால்ட் பாஸ்-த்ரூ (ஃபைபர் அறுந்தால் ரூட்டர் பக்கத்து லிங்க்கையும் விழவைப்பது) என்ற வசதி இருந்தால் அதையும் இயக்கிவையுங்கள்.

நீங்கள் கேட்காத, ஆனால் அடுத்து வரப்போகிற நிகழ்வு இது: கோவையில் அப்ஸ்ட்ரீம் லிங்க்கே போய்விட்டால்? இங்கே மாறுவது கோவைக்குப் போகும் வழி அல்ல, வெளியேறும் ஊரே மாற வேண்டும். இதை எட்ஜ் பக்கத்து பிக் என்பார்கள். அடுக்கு ஃபிப் இருந்தால் மட்டும் இது நடக்காது, பாத் லிஸ்ட்டுக்குள் ஈரோடு முன்கூட்டியே மாற்றாக இருக்க வேண்டும். இருக்காமல் போவதற்கான வழக்கமான காரணம் லோக்கல் பிரிஃபரன்ஸ், அதாவது எந்த வழி முதலில் என்று நீங்கள் தரும் எண், பெரியது வெல்லும். கோவை அப்ஸ்ட்ரீமுக்கு 200, ஈரோட்டுக்கு 100 என்று வைத்திருந்தால், ஈரோடு ரூட்டர் கோவையின் ரூட்டையே சிறந்தது என்று எடுத்துக்கொண்டு, தன் சொந்த வெளிவழியைத் திருப்பூருக்குச் சொல்லவே சொல்லாது. பிஜிபி தன் சிறந்த வழியை மட்டும்தான் அறிவிக்கும், ஐபிஜிபியில் (சொந்த ரூட்டர்களுக்குள் ஓடும் பிஜிபியில்) கேட்டதை இன்னொரு ஐபிஜிபி நண்பருக்குத் திருப்பிச் சொல்லாது. திருப்பூருக்கு இரண்டாவது வழி தெரியவே தெரியாது, தெரியாததை ஃபிப்பில் எழுத முடியாது. ஈரோட்டில் பெஸ்ட் எக்ஸ்டர்னல் இயக்கினால் அது தன் வெளிவழியையும் சொல்லும். நடுவில் ரூட் ரிஃப்ளெக்டர் (ஐபிஜிபி வழிகளை மற்ற ரூட்டர்களுக்குத் திருப்பிச் சொல்லும் ரூட்டர்) இருந்தால், ஒன்றுக்கு மேற்பட்ட வழியைச் சொல்லும் ஆட்-பாத் (ஆர்எஃப்சி 7911, 2016) வேண்டும்.

அடுத்த கண்ணி நெக்ஸ்ட்-ஹாப்-செல்ஃப். கோவை ரூட்டர் எல்லா ரூட்டையும் தன் லூப்பேக் பெயரில் சொல்கிறது. அப்ஸ்ட்ரீம் போனாலும் லூப்பேக் உயிரோடுதான் இருக்கிறது. ஆகவே திருப்பூரின் ஃபிப்புக்கு எதுவும் நடந்ததாகத் தெரியாது, கோவை ஒவ்வொரு ப்ரீஃபிக்ஸாகத் திரும்பப் பெறும் வரை பாக்கெட்டை அங்கேயே தள்ளும். கோவை ரூட்டர் தானே மாற்று வழிக்குத் திருப்பிவிட்டாலும், ஈரோட்டுக்குப் போக அது திருப்பூர் வழியாகத்தானே வர வேண்டும்? திருப்பூர் அந்தப் பாக்கெட்டைப் பார்த்து 'இது கோவைக்கு' என்று திருப்பி அனுப்பும். டிடிஎல் (பாக்கெட் இன்னும் எத்தனை ரூட்டர் தாண்டலாம் என்ற எண்) தீரும் வரை இரண்டு ஊருக்கும் நடுவே சுற்றும், லிங்க்கும் நிரம்பும். எம்பிஎல்எஸ் (ஐபியைப் பார்க்காமல் லேபிளை வைத்து அனுப்பும் முறை) போட்டால் திருப்பூரில் சுற்றாது, ஆனால் ஈரோடு லேபிளைக் கழற்றி ஐபியைப் பார்க்கும்போது அதன் டேபிளும் இன்னும் கோவையையே காட்டினால் அங்கே சுற்றும். உங்கள் அளவு நெட்வொர்க்குக்கு நான் பரிந்துரைப்பது எளிய வழி: நெக்ஸ்ட்-ஹாப்-செல்ஃபை எடுத்துவிட்டு, அப்ஸ்ட்ரீம் லிங்க்கின் /30 அல்லது /31 சப்நெட்டை ஓஎஸ்பிஎஃப்பில் பாசிவ் ஆக, அதாவது அப்ஸ்ட்ரீமோடு ஓஎஸ்பிஎஃப் பேசாமல் சப்நெட்டை மட்டும் அறிவிக்கும்படி, சேருங்கள். லிங்க் விழுந்த ஒரு விநாடிக்குள் அந்தச் சப்நெட் ஓஎஸ்பிஎஃப்பிலிருந்து மறையும். அடுக்கு ஃபிப்பும் மாற்று வழியும் இருந்தால் திருப்பூர், ஈரோடு இரண்டும் தத்தம் இடத்திலேயே ஒரே எழுத்தில் மாறிக்கொள்ளும். அந்த ஒரு விநாடி இடைவெளியில் சுழல் வரலாம், அதற்கு மேல் நீடிக்காது.

இதைச் செய்யும்போது டிஃபால்ட் ரூட்டை (டேபிளில் வேறு வழி இல்லாதவை எல்லாம் போகும் வழியை) மறக்காதீர்கள். திருப்பூர் ரூட்டரில் ஓஎஸ்பிஎஃப்பிலோ ஸ்டாட்டிக்காகவோ ஒரு டிஃபால்ட் இருந்தால், அப்ஸ்ட்ரீமின் /30 மறைந்த பிறகும் 'அந்த நெக்ஸ்ட் ஹாப்புக்கு டிஃபால்ட் வழியாகப் போகலாமே' என்று பிஜிபி திருப்தியாகிவிடும். நெக்ஸ்ட் ஹாப் செத்ததாகவே அது கணக்கில் எடுக்காது, மாற்றுக்குத் தாவாது. பிஜிபி நெக்ஸ்ட் ஹாப் டிஃபால்ட் மூலமோ பெரிய சம்மரி (பல ப்ரீஃபிக்ஸை ஒன்றாக்கிய ரூட்) மூலமோ தீரக் கூடாது என்று பாலிசி எழுதியே ஆக வேண்டும். முழு டேபிளோடு டிஃபால்ட்டும் வைத்திருக்கும் இடங்களில் பிக் வேலை செய்யவில்லை என்ற புகார் வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் நெக்ஸ்ட் ஹாப் மாற்றத்துக்குப் பிஜிபி இயல்பாக 5 விநாடி பொறுத்துத்தான் எழும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஃபிப் உடனே மாறினாலும் பிஜிபி லாகில் நேரம் தள்ளித் தெரிவது அதனால்தான்.

இனி வாங்கலாமா என்ற கேள்வி. அதற்கு முன், திருப்பூர் கோர் ரூட்டருக்கு முழு டேபிள் எதற்கு என்று யோசியுங்கள். அங்கிருந்து வெளியே போக இரண்டே வாசல். முழு டேபிளைக் கோவையிலும் ஈரோட்டிலும் வைத்துக்கொண்டு, திருப்பூருக்கு இரண்டு டிஃபால்ட்டும், இரண்டு அப்ஸ்ட்ரீமின் சொந்த வாடிக்கையாளர் ரூட்களும், சிடிஎன் (வீடியோ போன்றவற்றை அருகிலிருந்து தரும் சர்வர்கள்) ரூட்களும் மட்டும் கொடுத்தால் 20,000 பதிவு போதும் என்று வைத்துக்கொள்வோம். அதே 100 மைக்ரோ விநாடிக் கணக்கில் தட்டை ஃபிப்பே 2 விநாடியில் மாறிவிடும். செலவு ஒரு ராத்திரி வேலை. இழப்பு என்னவென்றால், கோவை அப்ஸ்ட்ரீம் உயிரோடு இருந்தும் அதற்குப் பின்னால் ஏதோ ஒரு பகுதி உலகம் துண்டிக்கப்பட்டால் திருப்பூருக்குத் தெரியாது, பாக்கெட் கோவைக்கே போகும். கோவையில் முழு டேபிள் இருப்பதால் அங்கிருந்து ஈரோட்டுக்குத் திரும்ப வேண்டியிருக்கும். ஆனால் வழி திருப்பூர்தான், மேலே சொன்ன அதே சுழல். கோவைக்கும் ஈரோட்டுக்கும் நடுவே ஒரு டன்னலோ எம்பிஎல்எஸ் பாதையோ இருந்தால் இது வராது. டிஃபால்ட்டை நிபந்தனையோடு மட்டும் அறிவிக்க வைக்கவும் வேண்டும்: அப்ஸ்ட்ரீமிலிருந்து முழு டேபிள் வந்து இறங்கிய பிறகே கோவை டிஃபால்ட் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கோவை ரூட்டர் ரீபூட் ஆகி ஓஎஸ்பிஎஃப் எழுந்ததும் டிராஃபிக் அங்கே பாய்ந்து, பிஜிபி நிரம்பும் வரை சில நிமிடம் வீணாகும். டிஃபால்ட் வைத்த இந்த அமைப்புக்கும் மேலே சொன்ன பாலிசி கட்டாயம்.

இதற்கு மேலும் பெட்டி வாங்கியே ஆக வேண்டும் என்றால், டேட்டா ஷீட்டில் 'ஹைரார்க்கிக்கல் ஃபிப்' என்ற சொல்லைத் தேடாமல், நான்கு விஷயத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எத்தனை அடுக்கு ஹார்டுவேரிலேயே இருக்கிறது, அதற்கு மேல் போனால் எந்த அடுக்கு அமுக்கப்படும். ஈசிஎம்பி கூட்டங்களும் அட்ஜசன்சிகளும் எத்தனை தாங்கும். ஐபிவி4, ஐபிவி6 முழு டேபிள்கள் ஒன்றாக எத்தனை பதிவு ஹார்டுவேரில் ஏறும். மாற்று வழியை ஃபிப்பில் முன்கூட்டி இறக்க லைசென்ஸ் தனியா. மூன்றாவதை லேசாக எடுக்காதீர்கள்: 2014 ஆகஸ்ட் 12 அன்று உலக டேபிள் 5,12,000-ஐத் தொட்டபோது, அந்த அளவையே எல்லையாக வைத்திருந்த பழைய ரூட்டர்கள் தடுமாறி, பல நாடுகளில் சேவை கெட்டது. பழைய பெட்டியை மலிவாக வாங்கும்போது அதே எல்லை உங்கள் ரேக்குக்கு வந்து சேரும்.

பணம் கொடுக்கும் முன் டெமோ பெட்டியை உங்கள் ரேக்கிலேயே வைத்து, உண்மையான முழு டேபிளை ஏற்றி, மேலே சொன்ன பிங் சோதனையைப் பத்து மில்லி விநாடி இடைவெளியில் ஓட்டுங்கள். முதலில் அவினாசி பேட்ச் கார்டு, பிறகு அப்ஸ்ட்ரீமுடையது. முப்பது பிங்கும் ஒரே நேரத்தில் நின்று ஒரே நேரத்தில் எழ வேண்டும். பிறகு டேபிளைப் பாதியாக்கி அதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள். நேரம் பாதியானால் அங்கே அடுக்கு இல்லை, டேட்டா ஷீட் என்ன சொன்னாலும் சரி. நேரம் மாறாமல் இருந்தால் வாங்கலாம். அதோடு, நொய்யல் பாலத்தில் உங்கள் அவினாசி ஃபைபரும் பல்லடம் ஃபைபரும் ஒரே குழாயில் போகிறதா என்று ஓர் ஆளை அனுப்பிப் பார்த்துவிடுங்கள்; போகிறது என்றால் அந்தப் பணத்தை முதலில் அங்கே செலவழியுங்கள்.